அடுத்த நாற்காலி எப்போது பேசப்பட்டது? பொது ஊழியரின் எதிர்கால வேலையும் வெளிப்படுத்தல் விதிகளும்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சேரி மக்களின் நிலச் சிக்கலில் அவர்கள் தரப்பு வழக்கறிஞராக ஒரு வருவாய் விசாரணைக்குச் சென்றிருந்தேன். அவர்கள் தலைமுறைகளாகப் பயன்படுத்திவந்த நிலம் ஒரு தனியார் நிறுவனத்தின் திட்டப் பகுதிக்குள் வந்திருந்தது. விசாரணை நடத்திய அதிகாரி பொறுமையாகவே கேட்டார். ஆணை எங்களுக்கு எதிராக வந்தது. அடுத்த சில மாதங்களில் அவர் ஓய்வு பெற்றார். மேல்முறையீட்டு மனுவில் கையொப்பம் வாங்கச் சென்ற நாளில் ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “அந்த ஐயா இப்ப அந்தக் கம்பெனியிலேயே ஆலோசகரா இருக்காராமே, நெசமா தம்பி?”

விசாரித்தபோது அது உண்மை என்று தெரிந்தது. அந்த அதிகாரி விலைபோனார் என்று சொல்ல என்னிடம் எந்தச் சான்றும் இல்லை. அப்படி நான் சொல்லவும் இல்லை. ஆனால், ஆணையில் அவர் கையெழுத்திட்ட நாளில் அந்த வேலைக்கான பேச்சு தொடங்கியிருந்ததா என்ற கேள்விக்கு விடை தரும் ஒரு தாள்கூட எந்த அலுவலகத்திலும் இல்லை. பேச்சு தொடங்கியிருந்தாலும், அதை எழுதிக் கொடுத்தாக வேண்டும் என்று அவரைத் தெளிவாகக் கட்டாயப்படுத்தும் விதியும் இல்லை. அந்த இல்லாத தாளைப் பற்றியதே இக்கட்டுரை.

மூன்று வகை விதிகள்

பதவியில் இருப்பவர் அடுத்து எங்கே வேலைக்குப் போகிறார் என்பதை ஒழுங்குபடுத்தும் விதிகளை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது தடை: குறிப்பிட்ட பதவியை வகித்தவர் அதன்பின் குறிப்பிட்ட வேலைகளை ஏற்கவே கூடாது என்பது. இரண்டாவது இடைவெளிக் காலம்: ஓய்வுக்குப் பின் குறிப்பிட்ட காலம் கழியும்வரை, அரசின் அனுமதியின்றி வேலை ஏற்கக் கூடாது என்பது. ஆங்கிலத்தில் இதைக் ‘கூலிங் ஆஃப்’ என்கிறார்கள். மூன்றாவது வெளிப்படுத்தல்: பதவியில் இருக்கும்போதே எதிர்கால வேலை குறித்துப் பேச்சு தொடங்கினால், அதை உடனே எழுத்தில் தெரிவித்து, தொடர்புடைய கோப்புகளிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும் என்பது.

இந்தியாவில் முதல் வகை சில பதவிகளுக்கு மட்டும் உண்டு. இரண்டாம் வகை அதிகாரிகளில் ஒரு பகுதியினருக்கு உண்டு. மூன்றாம் வகை பெயரளவில் மட்டுமே உண்டு. முதல் இரண்டும் ஓய்வுக்குப் பிந்தைய நாள்களைக் கண்காணிக்கின்றன. தீர்ப்போ, டெண்டரோ, நில ஆணையோ கையெழுத்தாவது ஓய்வுக்கு முந்தைய நாள்களில். அந்த நாள்களைக் கண்காணிக்கக்கூடியது மூன்றாம் வகை ஒன்றே.

அதிகாரிகளுக்கு என்ன விதி?

இந்திய ஆட்சிப் பணி, காவல் பணி, வனப் பணி அதிகாரிகளுக்கு 1958ஆம் ஆண்டின் அகில இந்தியப் பணிகள் (இறப்பு மற்றும் ஓய்வுக்கால நலன்கள்) விதிகளின் 26ஆம் விதி பொருந்தும். ஒன்றிய அரசின் ‘அ’ பிரிவு அதிகாரிகளுக்கு ஓய்வூதிய விதிகளில் இதேபோன்ற விதி உண்டு. ஓய்வு பெற்று ஓராண்டு முடிவதற்குள் வணிக நிறுவனம் எதிலும் வேலை ஏற்க வேண்டுமானால் அரசின் முன் அனுமதி தேவை. முன்பு இந்தக் காலம் 2 ஆண்டுகள். பின்னர் அது 1 ஆண்டாகக் குறைக்கப்பட்டது.

அனுமதி கேட்கும் படிவம் சில நல்ல கேள்விகளைக் கேட்கிறது. பணியில் இருந்தபோது அந்த நிறுவனத்தோடு அலுவல் தொடர்பு இருந்ததா, அந்த வேலை எவ்வாறு வந்தது, விளம்பரம் வெளியிடப்பட்டதா என்பவை அவற்றுள் சில. நலன் முரண் உண்டா என்பதையும் அரசு பார்க்க வேண்டும். அனுமதியின்றி வேலை ஏற்றவரின் ஓய்வூதியத்தை முழுவதுமாகவோ பகுதியாகவோ நிறுத்த அரசுக்கு அதிகாரம் உண்டு.

ஆனால் ஓட்டைகள் நான்கு.

ஒன்று: விண்ணப்பம் வந்தபின் குறிப்பிட்ட காலக்கெடுவுக்குள் அரசு மறுக்காவிட்டால், அனுமதி கிடைத்ததாகவே கருதப்படும். முதியோர் உதவித்தொகை கேட்டு விண்ணப்பிப்பவருக்கு இந்தச் சலுகை இல்லை. அரசு பேசாமல் இருந்தால் அவருடைய மனு கிடப்பில்தான் இருக்கும்.

இரண்டு: ‘வணிக வேலை’ என்ற சொல்லின் வரையறைக்குள் அரசுக்குச் சொந்தமான நிறுவனங்கள் வருவதில்லை. அரசியல் கட்சியும் வருவதில்லை. அமலாக்கத் துறையின் இணை இயக்குநராக இருந்த ராஜேஸ்வர் சிங்கின் விருப்ப ஓய்வு 2022 ஜனவரி இறுதியில் ஏற்கப்பட்டது. சில நாள்களிலேயே அவர் உத்தரப் பிரதேசச் சட்டமன்றத் தேர்தலில் பாஜக வேட்பாளரானார். பீகாரின் காவல்துறைத் தலைவராக இருந்த குப்தேஷ்வர் பாண்டே 2020 செப்டம்பரில் விருப்ப ஓய்வு பெற்று, அதே மாதத்தில் ஐக்கிய ஜனதா தளத்தில் சேர்ந்தார். இருவரும் எந்த விதியையும் மீறவில்லை. மீறுவதற்கு விதியே இல்லை. அதிகாரிகள் தேர்தலில் நிற்பதற்கு இடைவெளிக் காலம் வேண்டும் என்று கேட்ட மனுவை உச்ச நீதிமன்றம் 2022இல் ஏற்க மறுத்து, அது சட்டமியற்றுவோர் முடிவுசெய்ய வேண்டியது என்று விட்டுவிட்டது.

மூன்று: அமைச்சர்களுக்கும் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் இந்த விதிகள் பொருந்தா.

நான்கு: விதி ஓய்வு நாளிலிருந்துதான் கணக்கைத் தொடங்குகிறது. ஓய்வுக்கு ஆறு மாதம் முன்பே வேலை பேசி முடிக்கப்பட்டிருந்தாலும், அந்த ஆறு மாதங்களில் அதே நிறுவனத்தின் கோப்புகளில் அவர் கையெழுத்திட்டிருந்தாலும், அப்போது அதை எழுதிக் கொடுக்கும்படி இவ்விதி கேட்பதில்லை.

மகனின் வேலையைச் சொல்ல வேண்டும், தன் வேலையைச் சொல்ல வேண்டாம்

1968ஆம் ஆண்டின் அகில இந்தியப் பணிகள் நடத்தை விதிகளில் ஒரு வியப்பான முரண் இருக்கிறது. அதிகாரியின் மகனோ மகளோ, அவரோடு அலுவல் தொடர்புள்ள நிறுவனத்தில் வேலைக்குச் சேர வேண்டுமானால் அரசின் அனுமதி தேவை. குடும்பத்தினர் வேலை பார்க்கும் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் தரும் கோப்பை அந்த அதிகாரி கையாளக் கூடாது. இது 4ஆம் விதி. ஒவ்வோர் ஆண்டும் அசையாச் சொத்துக் கணக்கைத் தர வேண்டும். இது 16ஆம் விதி. மகனுக்குக் கிடைக்கும் வேலை தந்தையின் கையெழுத்தைத் திருப்பக்கூடும் என்பதை உணர்ந்த விதி, தந்தைக்கே கிடைக்கவிருக்கும் வேலை பற்றி வாய் திறக்கவில்லை.

2014ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஒரு பொதுவான வரி சேர்க்கப்பட்டது: பொதுக் கடமையோடு தொடர்புள்ள தனிப்பட்ட நலன்களை அதிகாரி அறிவித்து, முரண்களைப் பொதுநலன் காக்கும் வகையில் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல வரிதான். ஆனால் வேலைப் பேச்சும் ‘தனிப்பட்ட நலன்’ ஆகுமா, எத்தனை நாளுக்குள் அறிவிக்க வேண்டும், அதை மக்கள் பார்க்க முடியுமா என்பவற்றுக்கு அந்த வரியில் விடை இல்லை.

குற்றவியல் சட்டம் போதாதா என்று கேட்கலாம். 2018இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி ‘தகாத ஆதாயம்’ என்பது பணத்தோடு நிற்பதில்லை. வேலை வாக்குறுதியும் அதற்குள் அடங்கும் என்று வாதிட இடமுண்டு. ஆனால் இன்ன ஆணைக்கு இன்ன வேலை என்ற கொடுக்கல் வாங்கலை ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும். அதிகாரி அலுவல் முறையில் எடுத்த முடிவு பற்றிய விசாரணைக்கு, அதே சட்டத்தின் 17அ பிரிவு முன் ஒப்புதல் கேட்கிறது. எழுத்தில் எதுவும் இல்லாத இடத்தில் இந்த இரண்டு மலைகளையும் தாண்டுவது அரிது.

அரசே தரும் நாற்காலி

தனியார் நிறுவனம் தரும் வேலை குறித்தாவது அரைகுறை விதி இருக்கிறது. அரசே தரும் வேலை குறித்த நிலை இன்னும் மோசம்.

அரசமைப்பின் 124(7) உறுப்பின்படி, ஓய்வு பெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி இந்தியாவின் எந்த நீதிமன்றத்திலும் வழக்காட முடியாது. உயர் நீதிமன்ற நிரந்தர நீதிபதிகளுக்கு 220ஆம் உறுப்பு ஒரு வரம்பு விதிக்கிறது. ஆளுநர் பதவி, மாநிலங்களவை நியமனம், தீர்ப்பாயத் தலைமை ஆகியவற்றை அவர்கள் ஏற்பதற்கு அரசமைப்பில் தடை இல்லை.

இது எந்த ஒரு கட்சியின் பழக்கமும் அல்ல. நீதிபதி ஃபசல் அலி 1952இல் ஒரிசாவின் ஆளுநரானார். நீதிபதி பகருல் இஸ்லாம் 1983இல் உச்ச நீதிமன்றப் பதவியைத் துறந்து காங்கிரஸ் அரசியலுக்குத் திரும்பினார். நீதிபதி பாத்திமா பீவி 1997இல் தமிழ்நாட்டின் ஆளுநரானார். முன்னாள் தலைமை நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா 1998இல் காங்கிரஸ் சார்பில் மாநிலங்களவைக்குச் சென்றார். முன்னாள் தலைமை நீதிபதி பி. சதாசிவம் 2014இல் கேரளத்தின் ஆளுநரானார். 2019 நவம்பரில் ஓய்வு பெற்ற தலைமை நீதிபதி ரஞ்சன் கோகோய் 2020 மார்ச்சில் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். 2023 ஜனவரியில் ஓய்வு பெற்ற நீதிபதி அப்துல் நசீர் அடுத்த மாதமே ஆந்திராவின் ஆளுநராக அறிவிக்கப்பட்டார்.

இவர்களில் எவரும் பதவிக்காகத் தீர்ப்பெழுதினார் என்று நான் குற்றம் சாட்டவில்லை. அவ்வாறு ஐயுறுவதற்கு ஒரு குடிமகனுக்கு இடம் கொடுத்துவிட்டு, அந்த ஐயத்தைப் போக்கிக்கொள்ள வழி ஏதும் கொடுக்காமல் இருக்கிறோம் என்பதே குற்றச்சாட்டு. எதிர்க்கட்சியில் இருந்தபோது, 2012இல், ஓய்வுக்கு முந்தைய தீர்ப்புகளை ஓய்வுக்குப் பிந்தைய பதவி ஆசை பாதிக்கிறது என்று வெளிப்படையாகப் பேசியவர் அருண் ஜேட்லி. அவருடைய கட்சி ஆட்சிக்கு வந்தபின் விதி மாறவில்லை.

கொல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி அபிஜித் கங்கோபாத்யாய் 2024 மார்ச் 5ஆம் நாள் பதவி விலகி, 7ஆம் நாள் பாஜகவில் சேர்ந்தார். மாநில ஆட்சியாளர்களுக்கு எதிரான முக்கிய வழக்குகளை விசாரித்தவர் அவர். தானும் கட்சியும் ஒருவரையொருவர் அணுகியதாக அவரே வெளிப்படையாகச் சொன்னார். அந்தப் பேச்சு எந்த நாளில் தொடங்கியது, அந்த நாளுக்குப் பின் எந்த வழக்குகளை அவர் கேட்டார் என்பவற்றைப் பதிவுசெய்யும் ஏடு எதுவும் இல்லை.

அண்ணல் அம்பேத்கரின் விடையும் இன்றைய நிலையும்

இந்தக் கேள்வி புதிதன்று. அரசமைப்பு அவையில் 1949ஆம் ஆண்டு பேராசிரியர் கே.டி. ஷா, நீதிபதிகள் ஓய்வுக்குப் பின் நிருவாகப் பதவிகளை ஏற்பதைத் தடைசெய்யும் திருத்தத்தை முன்வைத்தார். பணியாளர் தேர்வாணைய உறுப்பினர்களுக்கு இருக்கும் தடை நீதிபதிகளுக்கும் வேண்டும் என்பது வாதம். அண்ணல் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. நீதிமன்றங்கள் பெரும்பாலும் குடிமக்களுக்கு இடையிலான வழக்குகளையே தீர்க்கின்றன. அவற்றில் அரசுக்கு நேரடி அக்கறை மிக அரிது. ஆகவே அரசு நீதிபதியைத் தன்பக்கம் இழுக்கும் வாய்ப்பும் மிகக் குறைவு என்பது அவர் தந்த காரணத்தின் சாரம்.

அந்த விடையை மறைக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. அது ஓர் உண்மைநிலை பற்றிய கணிப்பின் மேல் நின்ற விடை. அந்த உண்மைநிலை இன்று இல்லை. இன்று நாட்டின் மிகப் பெரிய வழக்காடி அரசுதான். இடஒதுக்கீடு, நிலக் கையகப்படுத்தல், தேர்தல், பிணை, வன்கொடுமை என்று நம் மக்களின் வாழ்வைத் தீர்மானிக்கும் வழக்குகளில் மறுபக்கத்தில் பெரும்பாலும் அரசு நிற்கிறது. காரணம் மாறியபின் முடிவை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பது அண்ணலின் வழிமுறை ஆகாது. அரசமைப்பு அறம் தானாக முளைப்பதில்லை, அதை வளர்த்தெடுக்க வேண்டும் என்று 1948 நவம்பரில் அதே அவையில் எச்சரித்தவரும் அவர்தான்.

1958இல் எம்.சி. செதல்வாட் தலைமையிலான சட்ட ஆணையம் தனது 14ஆம் அறிக்கையில், நீதிபதிகள் ஓய்வுக்குப் பின் அரசுப் பதவிகளை ஏற்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. அந்த ஆணையத்தில் உறுப்பினராக இருந்த நீதிபதி எம்.சி. சாக்ளாவே அதே ஆண்டில் அமெரிக்காவுக்கான தூதராகச் சென்றார். நீதிபதிகளுக்கு 2 ஆண்டு இடைவெளிக் காலம் கேட்ட மனுவை 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பதவியை ஏற்பதா என்பதை அந்தந்த நீதிபதியின் மனப்போக்குக்கே விட்டுவிட வேண்டும் என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடு.

ஆணையத்துக்கு ஆணையம் வேறு நீதி

தடை விதிப்பது இயலாத செயல் அன்று. பல பதவிகளுக்கு அது ஏற்கெனவே இருக்கிறது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் மறுபடி அரசுப் பதவி ஏற்க முடியாது (148(4) உறுப்பு). ஒன்றியப் பணியாளர் தேர்வாணையத் தலைவருக்கு 319ஆம் உறுப்பு தடை விதிக்கிறது. தேசிய மனித உரிமை ஆணையத்தின் தலைவரும் உறுப்பினர்களும் அதன்பின் ஒன்றிய, மாநில அரசுகளின் கீழ் வேலை ஏற்க முடியாது (1993ஆம் ஆண்டுச் சட்டம், 6(3) பிரிவு). ஊழல் கண்காணிப்பு ஆணையருக்கும் லோக்பால் அமைப்பினருக்கும் அவ்வாறே தடை உண்டு. லோக்பால் உறுப்பினர் பதவி முடிந்து 5 ஆண்டுகளுக்குத் தேர்தலிலும் நிற்க முடியாது.

தேர்தல் ஆணையர்களுக்கான 324ஆம் உறுப்பில் இத்தகைய தடை இல்லை. 2001வரை தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த எம்.எஸ். கில் 2004இல் காங்கிரஸ் சார்பில் மாநிலங்களவைக்குச் சென்று, 2008இல் ஒன்றிய அமைச்சரானார்.

நமக்கு மிக நெருக்கமான ஒன்றைப் பார்ப்போம். தேசியப் பட்டியல் சாதிகள் ஆணையத்தை உருவாக்கும் 338ஆம் உறுப்பிலும் அத்தகைய தடை இல்லை. அரசின் மீதே புகார்களை விசாரிக்க வேண்டிய ஆணையம் அது. உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரங்கள் அதற்கு உண்டு. அதன் உறுப்பினர் பதவிக்காலம் முடிந்ததும் அதே அரசிடமிருந்தோ ஆளும் கட்சியிடமிருந்தோ எதையும் எதிர்பார்க்கலாம் என்ற நிலை, அந்த நாற்காலியில் நேர்மையாக அமர்ந்திருப்பவரையும் பலவீனப்படுத்துகிறது. மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு நீதி, பட்டியல் சாதிகள் ஆணையத்துக்கு வேறு நீதி என்பது ஏன் என்று நம் இயக்கங்கள் கேட்டாக வேண்டும்.

இருக்கும் தடையும் ஆளுக்கேற்ப வளையும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் (டிராய்) தலைவர் அதன்பின் அரசு வேலை ஏற்கக் கூடாது என்று அதன் சட்டம் சொல்லியது. அதன் முன்னாள் தலைவர் நிருபேந்திர மிஸ்ராவைப் பிரதமரின் முதன்மைச் செயலாளராக அமர்த்துவதற்காக, 2014 மே மாத இறுதியில், புதிய அரசு பொறுப்பேற்ற சில நாள்களிலேயே அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. ஜூலையில் நாடாளுமன்றமும் திருத்தத்தை நிறைவேற்றியது.

அமெரிக்கா கற்ற பாடம்

வெளிப்படுத்தல் ஏன் தேவை என்பதற்கு அமெரிக்க விமானப்படை வழக்கு ஒன்று தெளிவான சான்று. அங்கே கொள்முதல் பிரிவில் உயர் பொறுப்பு வகித்த டார்லீன் ட்ரூயன், எரிபொருள் நிரப்பும் விமானங்களுக்காகப் போயிங் நிறுவனத்தோடு பேசப்பட்ட சுமார் 2,300 கோடி டாலர் ஒப்பந்தத்தைக் கையாண்டார். 2002இல், அந்தக் கோப்புகளிலிருந்து முறைப்படி விலகுவதற்கு முன்பே, போயிங்கின் நிதித் தலைவர் மைக்கேல் சியர்ஸோடு தன் வேலை குறித்துப் பேசினார். 2003 தொடக்கத்தில் போயிங்கில் சேர்ந்தார். அவருடைய மகளும் மருமகனும் அங்கே ஏற்கெனவே வேலையில் இருந்தனர். உண்மை வெளிவந்தபின் 2004இல் குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு 9 மாதச் சிறை. சியர்ஸுக்கு 4 மாதச் சிறை. 2006இல் போயிங் 61.5 கோடி டாலர் செலுத்தி அரசோடு சமரசம் செய்துகொண்டது.

அவர் சிக்கியதற்குக் காரணம், பணியில் இருக்கும்போது வேலை பேசிக்கொண்டே அதே நிறுவனத்தின் கோப்பைக் கையாள்வதை அங்குள்ள சட்டம் தனிக் குற்றமாக வைத்திருந்ததுதான். ஒப்பந்தம் வேலைக்காகவே தரப்பட்டது என்று மெய்ப்பிக்க வேண்டிய தேவை இல்லை. பேச்சு நடந்த நாளும் விலகிய நாளும் போதும்.

2007இல் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும், 2012இல் ‘ஸ்டாக்’ சட்டத்தின் வழியாக நிருவாகத் துறையின் உயர் அதிகாரிகளுக்கும் ஒரு கடமை வந்தது: தனியார் வேலை குறித்துப் பேச்சோ உடன்பாடோ தொடங்கிய 3 வேலை நாள்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், நலன் முரண் உள்ள பொருள்களிலிருந்து விலக வேண்டும். அங்கும் சுழல் கதவு நின்றுவிடவில்லை. ஆனால் பேச்சு தொடங்கிய நாள் ஏட்டில் ஏறுகிறது.

இடைவெளிக் காலம் மட்டும் போதாது என்பதற்குப் பிரிட்டன் சான்று. அங்கே முன்னாள் அமைச்சர்களின் வேலைகள் குறித்து அறிவுரை வழங்கிய குழுவுக்குத் தண்டிக்கும் அதிகாரம் இருந்ததில்லை. 2025இல் அது கலைக்கப்பட்டு, அதன் பணிகள் வேறு அமைப்புகளுக்குப் பிரித்துத் தரப்பட்டன. 2016இல் பதவி விலகிய பிரதமர் டேவிட் கேமரூன், 2020இல் கிரீன்சில் நிறுவனத்துக்காக அமைச்சர்களை அணுகியபோது 2 ஆண்டு வரம்பு எப்போதோ முடிந்திருந்தது.

ஐ.நா. ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கையை இந்தியா 2011இல் ஏற்புறுதி செய்தது. பொது ஊழியர்கள் வெளிவேலைகளையும் நலன்களையும் அறிவிக்கும் முறையை ஏற்படுத்த முயல வேண்டும் என்று அதன் 8ஆம் உறுப்பும், முன்னாள் ஊழியர்களின் வேலைகளுக்கு நியாயமான காலவரம்பு வைக்கும்படி 12ஆம் உறுப்பும் சொல்கின்றன.

இது ஏன் நம் சிக்கல்?

ஓர் அதிகாரியின் முன் இரு தரப்பினர் நிற்கிறார்கள் என்று கொள்வோம். ஒரு தரப்பு நிறுவனம். நாளை அது இயக்குநர் பதவி தரக்கூடும். அல்லது அரசு, நாளை அது ஆணையத் தலைமையோ ஆளுநர் மாளிகையோ தரக்கூடும். மறு தரப்பு ஒரு சேரி. அதனால் யாருக்கும் ஒரு நாற்காலியும் தர முடியாது. எந்தப் பேரமும் நடக்காவிட்டாலும், அறையில் இருக்கும் தராசு ஏற்கெனவே ஒருபக்கம் சாய்ந்துதான் இருக்கிறது. ஆகவே இதை வெறும் ஒழுக்கப் பிரச்சினையாகப் பார்க்க இயலாது. 14ஆம் உறுப்பு உறுதியளிக்கும் சட்டத்தின் முன் சமத்துவம் பற்றிய பிரச்சினை இது.

கழிவுநீர்த் தொட்டி தூய்மைப்பணி ஒப்பந்ததாரருக்கு விடப்படும்போது, பொதுத்துறை நிறுவனம் விற்கப்பட்டுப் புதிய பணியிடங்களில் இடஒதுக்கீடு முடிவுக்கு வரும்போது, பஞ்சமி நிலம் வேறொருவர் பெயருக்கு மாறும்போது, கோப்பில் கையெழுத்திடுபவர் யாரிடம் நாளை வேலைக்குப் போகிறார் என்பது நம் மக்களின் உயிரோடும் உடைமையோடும் தொடர்புள்ள செய்தி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு கடமை தவறும் பொது ஊழியரைத் தண்டிக்கிறது. கடமை ஏன் தவறியது என்பதைக் காட்டும் ஆவணம் இருந்தால்தான் அத்தகைய பிரிவுகளுக்கு உயிர் வரும்.

எதிர்வாதங்கள்

‘ஓய்வு பெற்றவரின் திறமை நாட்டுக்குப் பயன்பட வேண்டாமா? 19(1)(எ) தரும் தொழில் உரிமை என்னாவது?’ என்று கேட்கப்படும். வெளிப்படுத்தல் விதி எவருடைய வேலையையும் பறிப்பதில்லை. போகலாம், சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொன்ன நாளிலிருந்து அந்தக் கோப்பைத் தொடக் கூடாது. அவ்வளவே.

‘இது முதல் தலைமுறைத் தலித் அதிகாரிகளையும் குறிவைக்கப் பயன்படுமே’ என்பது நம் தோழர்களிடையே எழும் நேர்மையான அச்சம். பொதுவான சொற்களில் எழுதப்பட்ட விதியை மேலதிகாரி தன் விருப்பப்படி பயன்படுத்தும்போதுதான் அந்த ஆபத்து பெரிது. தெளிவான படிவம், ஒரே காலக்கெடு, அனைவருக்கும் பொதுவான ஏடு ஆகியவை, பின்புலம் இல்லாத அதிகாரிக்கே அதிகப் பாதுகாப்பு. அதோடு, ஓய்வுக்குப் பிந்தைய பதவிகளில் பல விளம்பரமின்றி, அறிமுகத்தின் வழியாகவே நிரப்பப்படுகின்றன. பொது ஏடு வந்தால், அந்த அறிமுக வட்டத்துக்குள் எந்தச் சமூகத்தார் இருக்கிறார்கள், யார் வெளியே நிற்கிறார்கள் என்பதும் வெளிச்சத்துக்கு வரும்.

விதியில் இருக்க வேண்டியவை

ஒரு நல்ல விதியில் குறைந்தது ஆறு கூறுகள் வேண்டும். பேச்சு தொடங்கிய 3 நாள்களுக்குள் எழுத்து அறிவிப்பு. தொடர்புடைய கோப்பு அல்லது வழக்கிலிருந்து உடனடி விலகல். வேலை தருபவருக்கும் அறிவிக்கும் கடமை. தனியார் வேலையோடு அரசுப் பதவி, கட்சி வேட்பாளர் வாய்ப்பு ஆகியவற்றையும் உள்ளடக்கிய வரையறை. பதவியிலிருந்து விலகியதும் அனைவரும் பார்க்கக்கூடிய ஏடு. விதியை மீறினால், அந்தக் காலத்தில் எடுத்த முடிவுகளை மறுஆய்வு செய்யக் கோரும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு.

கடைசிக் கூறு நமக்கு மிக முக்கியம். அதிகாரியின் ஓய்வூதியத்தை வெட்டுவதால் பறிபோன நிலம் திரும்பி வராது.

இன்றே செய்யக்கூடியது

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் ஒன்றிய, மாநிலப் பணியாளர் துறைகளிடம் கேட்கலாம். ‘ஏன்’ என்று கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள். இல்லாத தகவலைப் புதிதாக உருவாக்கித் தரும் கடமை அலுவலகத்துக்கு இல்லை என்பது 2011இல் உச்ச நீதிமன்றம் சொன்ன நெறி.

கேட்க வேண்டியவை: ஓய்வுக்குப் பின் வணிக வேலைக்கு அனுமதி கேட்டு வந்த விண்ணப்பங்களின் எண்ணிக்கை; அனுமதிக்கப்பட்டவை, மறுக்கப்பட்டவை, காலக்கெடு கடந்ததால் அனுமதியாகிவிட்டவை; ஆணைகளின் நகல்கள்; ஆணையங்களிலும் தீர்ப்பாயங்களிலும் அமர்த்தப்பட்ட ஓய்வு பெற்றோரின் பட்டியல்; அந்தப் பதவிகள் விளம்பரப்படுத்தப்பட்டனவா என்பதற்கான ஆவணம். எல்லாவற்றுக்கும் மேலாக, நியமிக்கப்பட்டவரின் ஒப்புதலைக் கேட்டு அரசு எழுதிய கடிதத்தின் தேதி. அந்தத் தேதியையும் ஓய்வு நாளையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

‘தனிப்பட்ட தகவல்’ என்று 8(1)(ஜே) பிரிவைக் காட்டி மறுப்பார்கள். 2012ஆம் ஆண்டின் கிரிஷ் தேஷ்பாண்டே தீர்ப்பையும் மேற்கோள் காட்டுவார்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு, அந்தத் துணைப்பிரிவில் இருந்த பொதுநலன் விதிவிலக்கையும் நீக்குகிறது. ஆனால் 8(2) பிரிவு நீக்கப்படவில்லை. வெளியிடுவதால் வரும் பொதுநலன் தீங்கைவிடப் பெரிதானால் தகவல் தரலாம் என்று அது இன்னும் சொல்கிறது. விண்ணப்பத்திலேயே பொதுநலன் என்ன என்பதை நான்கு வரிகளில் எழுதுங்கள். 30 நாளில் விடை வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.

வழக்குகளை நடத்தும் தோழர்களுக்கு ஒரு சொல். நமக்கு எதிரான ஆணையில் கையெழுத்திட்டவரின் ஓய்வு நாளையும், அடுத்த ஓராண்டில் அவர் எங்கே இருந்தார் என்பதையும் வழக்குக் கட்டில் ஒரு தாளாகச் சேர்த்து வையுங்கள். ஒருசார்பு வாதத்துக்கு அது மட்டும் போதாது. அத்தகைய தாள்கள் பல ஊர்களில் சேரும்போது, சட்டம் கேட்கும் இயக்கத்துக்கு அதுவே அடிப்படை ஆவணமாகும்.

அந்த ஊரின் மேல்முறையீடு இன்னும் நிலுவையில் இருக்கிறது. பெரியவர் இப்போதும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வருகிறார். அவர் கேட்ட கேள்விக்கு ‘நெசந்தான்’ என்று மட்டுமே என்னால் சொல்ல முடிந்தது. பேச்சு எப்போது தொடங்கியது என்று அவர் கேட்டிருந்தால், சொல்ல என்னிடம் ஒரு தேதி இருந்திருக்காது.